அம்மா என் தலைமயிரைத் திருடிய மாதம்

என் அம்மா என்னை ஏதோ செய்யப் போகிறார் என்று நான் மூன்று வாரம் முழுமனதாக நம்பினேன். ஏதோ என்றால், மெதுவாகக் கொல்வது அல்லது அதைவிட மோசமாக, ஆயுள் முழுக்க வீட்டோடு கட்டிப்போடுவது. இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போதும் கொஞ்சம் வந்தது, அதுதான் வெட்கக்கேடு. உயிர்ப்பயத்தில் இருக்கும் ஒருத்திக்கு உள்ளுக்குள் இவ்வளவு குதூகலம் இருக்கக் கூடாது.

முதலில் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செட்டிபாளையத்தில், பிரதான வீதிக்கும் வாவிக்கும் நடுவில் எங்கள் வளவு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். எனக்குக் கலியாணம் நடந்தபோது அம்மா வீட்டை என் பெயருக்கு எழுதிவிட்டு, பின்னால் குசினியோடு ஒட்டிய அறைக்குத் தன் கட்டிலைக் கொண்டுபோனார். மாப்பிள்ளை வந்து குடியேறினார். நான்கு வருடத்தில் கலியாணம் முறிந்தது. வந்தவர்தான் போகவேண்டும் என்பதால் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். இந்த விஷயத்தில் எங்கள் ஊர் வழக்கம் மிக வசதியானது. அப்பா முன்பே இறந்துவிட்டார். மிஞ்சியது நானும் அம்மாவும். வீடு என்னுடையது, குசினி அவருடைய ஆட்சி. அவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது, என்னைப் போகச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

மாப்பிள்ளை பெட்டியோடு போன அன்று காலை, பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னகா, என்ன நடந்த?" என்று கேட்டார். அம்மா கிணற்றடியில் நின்றார். என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"உன்னோட ஆர்தான் இரிப்பான்? பெத்த எனக்கே ஏலாமக் கிடக்கு."

நான் அழவில்லை. உள்ளே போய், ஏற்கெனவே கழுவியிருந்த சட்டியை மறுபடியும் கழுவினேன். அம்மாவின் வாய் ஊரறிந்த வாய். சின்ன வயதிலிருந்து என் நிறம், நடை, கணக்குப் பாடத்தில் வாங்கிய புள்ளி எல்லாம் அந்த வாயில் அடிபட்டவைதான். ஆனால் இது வேறு. இது வலித்தது, அதோடு இது உண்மையாக இருக்குமோ என்று பயமாகவும் இருந்தது. அன்றிலிருந்து எட்டு மாதம் நான் அம்மாவோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

கதைக்காமல் ஒரு வீட்டில் இருப்பது லேசான வேலை அல்ல. அதனால் அம்மா கோழியோடு கதைத்தார். "இஞ்ச சில பேருக்கு இன்னும் விடியல்ல," என்பார் கோழியிடம், காலை ஏழு மணிக்கு. நான் பூனையைத் தூக்கி மடியில் வைத்து, "ஞாயிற்றுக்கிழமையிலயும் ஆக்கள நித்திரை கொள்ள விடமாட்டாங்க, என்ன?" என்பேன். கோழி ஒரு பக்கம், பூனை ஒரு பக்கம். இரண்டு சட்டத்தரணிகளும் சம்பளம் கேட்காமல் வாதாடினார்கள். தேங்காய் முடிந்த செய்திகூடக் கோழி வழியாகத்தான் எனக்கு வந்து சேரும்.

இப்படி இருக்கையில் கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கடிதத்தை வேண்டுமென்றே சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தார், மடித்தார், மேலே உப்புப் போத்தலை வைத்தார். கோழியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. போனால் திரும்பி வருவதில்லை என்று நான் தீர்மானித்திருந்தேன். வீட்டைப் பூட்டமாட்டேன், அம்மா இருந்துகொள்ளட்டும். ஆனால் நான் வரமாட்டேன். இதைப் பூனையிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அதற்கடுத்த வாரம் என் சீப்பு சுத்தமாக இருந்தது.

எனக்குத் தலைமயிர் கொட்டுகிற கொட்டுக்கு என் சீப்பு ஒருநாளும் சுத்தமாக இருந்ததில்லை. இரண்டு நாள் கழித்து, கொடியில் காய்ந்த என் பழைய நீலச் சட்டையின் விளிம்பில் ஒரு துண்டு இல்லை. கிழியவில்லை, கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது. மூன்றாவது தடயத்தை நானே கண்ணால் கண்டேன். முற்றத்து மணலில் நான் நடந்துபோன பிறகு, அம்மா குனிந்து மேசைக்கரண்டியால் என் காலடி மண்ணை அள்ளி லேஞ்சியில் முடிந்துகொண்டிருந்தார். அறுபது வயதில், முழங்கால் வலியோடு, கரண்டியும் கையுமாக.

தலைமயிர், உடுத்த துணி, காலடி மண். எங்கள் ஊரில் வளர்ந்த எவருக்கும் இந்த மூன்றும் எதற்கென்று விளக்கத் தேவையில்லை. மட்டக்களப்பார் மந்திரம் செய்து ஆளைப் பாயோடு ஒட்டவைத்து விடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் பகிடி பண்ணும்போது நாங்களும் சேர்ந்து சிரிப்போம். இப்போது என்னை ஒட்டப் போகிறார்கள்! பெற்ற தாய்! கொழும்பு பஸ்ஸில் ஏறப் போகும் நேரம் கால் எழும்பாமல் நான் நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். அந்த நாட்களில் தாயும் மகளும் ஒருவரையொருவர் அணு அணுவாகச் சித்திரவதை செய்யும் கொரியத் தொடர் ஒன்றைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

உடனே ஒரு கொப்பியில் "தடயங்கள்" என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தேன். வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தினேன். கட்டிலுக்குக் கீழே பணிஸும் வாழைப்பழமும் பதுக்கி வைக்க, அறை முழுக்க எறும்பு. "சில பேருக்கு வீட்டுச் சோறு கசக்குது," என்று அம்மா கோழியிடம் சொன்னார். உடனே கொப்பியை எடுத்தேன். ஏன் சோற்றைப் பற்றி இவ்வளவு அக்கறை? அம்மா எனக்கென்று மூடி வைத்த மீன்கறியில் ஒரு துண்டைப் பூனைக்கு வைத்துப் பார்த்தேன். பூனை தின்றது, படுத்தது, ஆறு மணித்தியாலம் அசையவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். பிறகுதான், எங்கள் பூனை தினமும் ஆறு மணித்தியாலம் அசையாமல் படுப்பது நினைவுக்கு வந்தது.

வேலியடி அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கண் பளபளத்தது.

"செய்தவர்தான் எடுக்கோணும் புள்ள. வேற ஆளிட்டப் போனா அது ரெண்டு மடங்காத் திரும்பும். உன்ட அம்மா வெள்ளாமைக்கு ஓதுவிக்கிறது பழுகாமத்து ஆளிட்டத்தானே? அங்க போ. போகக்குள்ள கொம்மாட தலைமயிரும் கொஞ்சம் கொண்டு போ. கையில ஒண்டும் இல்லாமப் போகாத."

அது சரிதான். அம்மாவுக்கு வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமத்து வட்டையில் (வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம்) கொஞ்சம் வயல் இருக்கிறது. கதிர் வரும் காலத்தில் பன்றி இறங்காமல் இருக்க அங்கே ஒருவரிடம் ஓதுவிப்பார். ஆனால் இப்போது வெள்ளாமை வெட்டி முடிந்து வயல் வெறுமையாகக் கிடந்தது. அப்படியிருந்தும் அந்த மாதம் அம்மா நான்கு தடவை பழுகாமம் போய்விட்டார். கொப்பியில் இதை எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அம்மா மட்டக்களப்பில் பிரஷர் கிளினிக் என்று கோழியிடம் சொல்லிவிட்டு வெளிக்கிட்ட ஒரு காலை, நான் அவருடைய சீப்பிலிருந்து நரைமயிரை எடுத்துப் பொலித்தீன் பையில் முடிந்துகொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். களுவாஞ்சிக்குடி தாண்டி, பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று முகத்தில் அடித்தது. வெட்கமில்லாமல் எனக்குப் பாட்டு வந்தது. ஹெல்மெட்டுக்குள்ளே பாடிக்கொண்டே போனேன்.

ஓதுகிறவரின் வீட்டு வாசலில் ஒரு சோடி நீலச் செருப்புக் கிடந்தது. வலது வார் அறுந்து, ஊசி குத்தியிருந்தது. அந்த ஊசி என்னுடையது.

கிளினிக்காம் கிளினிக்.

சுவரோடு ஒட்டி நின்றேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. சண்டை பிடிக்கிற குரல்தான், ஆனால் நடுவில் கெஞ்சியது.

"பண்டிக்குக் கட்டுறீங்க. யானைக்குக் கட்டுறீங்க. எனக்கு மட்டும் ஏன் ஏலா?"

"நீ பண்டியா?" என்றது ஆண் குரல்.

"அதவிட மோசம்."

அந்த நேரம் பார்த்து என் கைபேசி அலறியது. வேலியடி அக்கா, நிலவரம் கேட்க. ஓதுகிறவர் எட்டிப் பார்த்தார். மெலிந்த மனிதர், காதில் பென்சில், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். ஹெல்மெட்டோடு நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுதானா வயல்?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாயில், அம்மாவுக்கு முன்னால், அந்த லேஞ்சி விரித்துக் கிடந்தது. என் தலைமயிர், என் நீலச் சட்டைத் துண்டு, ஒரு பிடி மணல்.

"இரு மனே," என்றார் ஓதுகிறவர். "உன்ட அம்மா அஞ்சாந்தரம் வந்திரிக்கா. வாய்க்கட்டுக் கட்டித் தரட்டாம். வெள்ளாமையில பண்டி வாய் வைக்காம இருக்கிறத்துக்குக் கட்டுறம்தானே, அதுதான். அதுக்குக் காவல் வேண்டிய வட்டையில இருந்து ஒரு பிடி மண் கொண்டு வரோணும். மண் கேட்டா இவ உன்ட தலைமயிரையும் சட்டையையும் சேத்துக் கொண்டு வந்து வைக்கிறா. வயல் நீயாம். பண்டி இவவாம். இவட வாய் இனி உன்னில படக்கூடாதாம். நான் என்ன செய்யிற? எனக்குப் பண்டிக்குத்தான் தெரியும்."

நான் ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே நின்றேன். மூன்று வாரமாக நான் சேர்த்த தடயங்கள் எல்லாம் சரி. ஒன்றுகூடப் பிழையில்லை. தீர்ப்பு மட்டும் தலைகீழ்.

கடைசியில் அவர் எங்களைக் கிளப்புவதற்காகவோ என்னவோ, ஒரு மஞ்சள் நூலை எடுத்து அம்மாவின் வலது கையில் கட்டினார். "மந்திரம் ஒண்டுமில்ல, சும்மா நூல்தான். வாய் திறக்கக்குள்ள கண்ணில படட்டும்," என்றார். அம்மா லேஞ்சியை முடிந்து சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

திரும்பும்போது அம்மா என் ஸ்கூட்டியில் பின்னால் இருந்தார். பாலத்தில் காற்று. எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி இது:

"நீ எதுக்கு அங்க வந்த?"

"நீங்க என்னைக் கொல்லப் போறீங்க எண்டு நினைச்சன்."

"என்ன?"

"கொல்லப் போறீங்க எண்டு!" என்று கத்தினேன். பாலத்தில் வலையோடு நின்ற ஒருவர் கிறுகிப் பார்த்தார்.

ஸ்கூட்டி ஆடியது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது, அம்மா சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் முதுகில் முகத்தை முட்டிக்கொண்டு சிரிக்கிறார். "கொல்றதெண்டா மீன்கறிக்குள்ள போட்டிருப்பன். அதுக்கு ஏன்டி ரெண்டு பஸ் ஏறோணும்?" நானும் சிரித்தேன். விழுந்துவிடுவோமோ என்று பயந்து ஓரமாக நிறுத்தி, இரண்டு பேரும் பாலக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பையிலிருந்த அவருடைய நரைமயிரைக் காட்டினேன். "கள்ளி," என்றார். உடனே நூலைப் பார்த்துக் கையால் வாயைப் பொத்தினார்.

மறுபடி கிளம்பிக் கொஞ்சத் தூரம் வந்த பிறகுதான் அம்மா என் தோளுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னார்.

"அண்டைக்குச் சொன்னதத் திருப்பி எடுக்கேலா. இனி வாறதையாவது கட்டிப்போடுவம் எண்டு பாத்தன்."

காற்றில் கேட்காததுபோல நான் ஓட்டினேன். ஆனால் என்னையறியாமல் வண்டி வேகம் குறைந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் அழுதால் கண்ணாடி மங்கிவிடும், கையை விட்டுத் துடைக்கவும் முடியாது. வீடுவரை பாதி குருடாகத்தான் வந்தேன்.

அன்று மத்தியானம் அம்மா சோறு போட்டார். மூன்று வாரப் பணிஸுக்குப் பிறகு அந்த மீன்கறி! அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்புக் கூடத்தான் இருந்தது. "உப்புக் கூட," என்றேன். அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார், நூலைப் பார்த்தார், மூடினார். முகம் சிவந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நான் இரண்டாம் தரமும் சோறு வாங்கினேன்.

வேலைக்குப் போகாமல் நிற்கவில்லை. குறித்த நாளில் கொழும்பு பஸ் ஏறினேன், கால் நன்றாகவே எழும்பியது. ஆனால் வரமாட்டேன் என்ற தீர்மானத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, இரண்டு மாதத்துக்கு ஒருதரம் போய்வருகிறேன். ஞாயிறு காலையில் தொலைபேசி எடுப்பேன். "நீயெல்லாம்..." என்று அம்மா தொடங்குவார், பிறகு சத்தம் இருக்காது. பின்னால் கோழி மட்டும் கேட்கும். "என்னம்மா?" என்பேன். "ஒண்டுமில்ல, நூலப் பாத்தன்," என்பார். சில நாள் நூலையும் தாண்டி ஏச்சு வரும். அதையும் வாங்கிக்கொள்கிறேன். வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போது நேரே திருப்பிக் கொடுக்கவும் எனக்கு வாய் இருக்கிறது.

போன வாரம் திடீரென்று நினைவு வந்து கேட்டேன்.

"அம்மா, அந்த லேஞ்சி முடிச்ச என்ன செய்தீங்க? எறிஞ்சாச்சா?"

"ஏன் எறியிற?" என்றார். "வட்டை மண்ண ஆராவது எறிவாங்களா?"