கடைசிக் கட்டில் வரை

வேலைக்கு வந்த புதிதில் ஏலிக்குட்டி எதற்கெடுத்தாலும் அழுவாள். ஊசி குத்தும்போது நோயாளி முகம் சுளித்தால் இவளுக்குக் கண் நிறைந்துவிடும். மீனச்சில் ஆற்றங்கரையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய அந்த ஆஸ்பத்திரியில் அழுகிற நர்ஸ்கள் அதிக நாள் தங்குவதில்லை. கல்யாணமாகிப் போய்விடுவார்கள், இல்லையென்றால் குவைத்துக்குப் போய்விடுவார்கள். இவள் தங்கினாள். அப்போது தலைமை நர்ஸாக இருந்த ரோசம்மா சேச்சியின் கதைதான் அவளைப் பிடித்து நிறுத்தியது.

புதிய நர்ஸ்களுக்குத் தொப்பி அணிவிக்கும் விழாவில் வருஷம் தவறாமல் மடத்துத் தலைவியான மதர் அந்தக் கதையைச் சொல்வார். ரோசம்மாவின் கணவர் மாத்தச்சன் மாரடைப்பு வந்து கோட்டயத்தில் கிடக்கிறார் என்று தகவல் வந்தபோது, அவளுக்கு ஆண்கள் வார்டில் வேலை முடிகிற நேரம். அடுத்து வந்த நர்ஸோடு கட்டில் கட்டிலாக நடந்து, ஒவ்வொரு நோயாளியையும் விவரம் சொல்லி ஒப்படைத்தாள். கடைசிக் கட்டிலும் முடிந்த பிறகே தொப்பியைக் கழற்றினாள். கோட்டயம் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை. "இதுதான் நர்ஸ்" என்று மதர் முடிப்பார்.

ஏலிக்குட்டி அந்தத் தலைமை நர்ஸைப் பார்த்துப் பார்த்துத் தன்னைச் செய்துகொண்டாள். படுக்கை விரிப்பின் முனையை ரோசம்மா மடிக்கிற மாதிரி கத்தி முனையாக மடித்தாள். நடையும் குரலும் அந்த மாதிரியே ஆயின. அழுகை நின்றது. அதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. இவள் கை பட்டால் வலி குறைகிறது என்று நோயாளிகள் இவளையே கேட்டு ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு வேலை தேறியது. ரோசம்மா ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலி இவளுக்கு வந்தது. ஆனால் ஒருவரை முன்மாதிரி என்று எடுத்துக்கொள்ளும்போது, அவர் செய்ததை மட்டுமே நாம் பார்க்கிறோம். செய்த நேரத்தில் வேறு வழி அவருக்குத் திறந்திருந்ததா என்று கேட்பதில்லை.

ஏலிக்குட்டியைப் பெற்ற அம்மச்சி படுக்கையில் விழுந்த பிறகு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள். சாகிறவரின் காதில் 'ஈசோ மறியம் யௌசேப்பே' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பது அந்த ஊர் வழக்கம். இயேசு, மரியாள், யோசேப்பு என்று திருக்குடும்பத்தின் மூன்று பெயர்களும் காதில் விழ, பயமில்லாமல் போகலாம். உறவுக்காரர் யாரும் இல்லாத எத்தனையோ நோயாளிகளுக்கு ஏலிக்குட்டி சொல்லியிருக்கிறாள். "ஊர்ல உள்ளவங்க காதுலயெல்லாம் சொல்றே. என் காதுல நீதான் சொல்லணும் மோளே" என்றாள் அம்மச்சி. சொல்கிறேன் என்று இவளும் கையில் அடித்துக் கொடுத்தாள்.

அந்த நாள் பந்த். பஸ் ஓடவில்லை. அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய நர்ஸ் நடந்து வந்துகொண்டிருந்தாள். ஏலிக்குட்டியின் அண்ணன் குரியாச்சன் பைக்கை எடுத்துக்கொண்டு, மறியல்காரர்களிடம் கெஞ்சி வழி வாங்கி, வார்டு வாசலுக்கே வந்துவிட்டான். அம்மச்சிக்கு மூச்சு இழுக்கிறது, உடனே கிளம்பு என்றான். கூட இருந்த ஜாலி என்ற நர்ஸ், தான் இருந்து ஒப்படைப்பதாகச் சொன்னாள். எல்லாருடைய விவரமும் அவளுக்குத் தெரியும். அவசரக் கேஸும் எதுவும் இல்லை.

ஏலிக்குட்டிக்குக் கால் ஒரு அடி நகர்ந்தது. பிறகு நின்றது.

"ரோசம்மா சேச்சி போனாங்களா?" என்றாள் ஜாலியிடம்.

குரியாச்சன் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தான். கடைசியில் உள்ளே தலையை நீட்டினான். "எடீ, நீ வரலைன்னா போகட்டும். அந்தத் தொப்பியையாவது குடுத்து அனுப்பு. அம்மச்சி பக்கத்துல வச்சுக்கட்டும்." பைக் சத்தம் கேட்டது. போய்விட்டான்.

அடுத்தவள் வந்ததும் ஏலிக்குட்டி முதல் கட்டிலிலிருந்து தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. கடைசிக் கட்டிலை முடித்து, தொப்பியைக் கழற்றி, நடந்தே வீட்டுக்குப் போனபோது, அம்மச்சியின் தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி காதில் சொன்னாளாம். கடைசி வரை கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததாம். பெட்டியை மூடுமுன் கொடுக்கிற அந்திம முத்தத்துக்கு ஏலிக்குட்டி குனிந்தபோது குரியாச்சன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். மதர் கையைப் பிடித்து, இன்னொரு ரோசம்மா என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் அவள் நாற்பத்தொன்றாம் நாள் பிரார்த்தனை வரை தள்ளினாள். அது முடிந்ததும் ரோசம்மாவைப் பார்க்கப் போனாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, ரப்பர் மரங்களுக்கு நடுவில் ரோசம்மா தனியாக இருந்தாள். கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். ஏலிக்குட்டி சாப்பிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சேச்சி செய்த மாதிரியே செய்தேன் என்று முடித்தாள். 'நல்லது செய்தாய்' என்று ஒரு வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது.

"எனக்கு யாருடீ சொன்னா?" என்றாள் ரோசம்மா. "போன் வந்தது மேட்ரனுக்கு. அந்தம்மா ஒப்படைச்சு முடியற வரைக்கும் வாயத் திறக்கல. தெரிஞ்சிருந்தா தொப்பியோட ரோட்டுல ஓடியிருப்பேன்."

ஏன் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டாள் ஏலிக்குட்டி.

"சொன்னேன். யாரும் காதுல வாங்கல. அப்புறம் அந்தக் கதையாலதான் பதவி வந்துச்சு, பிள்ளைங்க படிச்சுது. நாள் போகப் போக நானும் அப்படியே நம்பிட்டேன். ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு வாழறதவிட, நானே போகாம இருந்தேன்னு நெனைக்கிறது கொஞ்சம் லேசா இருந்துச்சு." கிழங்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "உனக்கு அப்படி லேசாக்கிக்க ஒரு பொய்கூட இல்லியே மோளே."

அடுத்த தொப்பி விழாவில் மதர் இரண்டு கதைகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டு ஏலிக்குட்டியை மேடைக்குக் கூப்பிட்டார். அவள் மைக்கைப் பிடித்தாள். "நான் செஞ்சது தப்பு. போயிருக்கணும். எங்கம்மச்சி வாசலப் பாத்துக்கிட்டே செத்துப்போனாங்க. ரோசம்மா சேச்சிக்கு அன்னிக்கு விஷயமே தெரியாது" என்றாள். மதர் மைக்கை மெல்ல வாங்கி, "எவ்வளவு தாழ்மை பாருங்க" என்றார். வெள்ளை உடுப்புப் பெண்கள் எழுந்து கை தட்டினார்கள். சிலர் அழுதார்கள்.

மறுநாள் வார்டில் புதிய பெண் ஒருத்தி காலியான கட்டிலுக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தாள். முனை கத்தி மாதிரி மடிந்திருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று ஏலிக்குட்டி கேட்டாள்.

"யாரும் சொல்லித் தரல. நீங்க செய்யறதப் பாத்தேன் சேச்சி."

ஏலிக்குட்டி அந்த மடிப்பைப் பிடித்து இழுத்துக் கலைத்தாள். சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்த அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். முழங்காலிட்டு மறுபடியும் மடித்தாள். இந்த முறை முன்னதைவிடக் கூர்மையாக வந்தது.