கை நனைக்காத அதிகாரி

முட்டி 'டக்'கென்று சத்தம் போட, அந்நிய வீட்டின் கூடத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டு சுற்றிலும் பார்க்கிறார் அந்த அம்மாள். குழந்தைகள் நலத்துறையில் விசாரணை அதிகாரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியம் இதுதான். "நின்னு பார்த்தா பெரியவங்க வீடுதான் தெரியும். பிள்ளைங்க வீட்டைப் பார்க்கணும்னா குந்தித்தான் ஆகணும்" என்பார். அலுவலகத்தில் அவருக்கு 'முட்டியம்மா' என்று பெயர். அது அவருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துகொள்வார்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. மனத்தில் ஒரு முடிவு ஏற்படும்வரை விசாரணை வீட்டில் கை நனைக்க மாட்டார். டீ கிடையாது, பிஸ்கட் கிடையாது. "குடிச்சிட்டா நாக்கு நன்றி சொல்லும். அப்புறம் பேனா எப்படி எழுதும்?" அவரை ஏற்றிச்செல்லும் ஜீப் ஓட்டுநர் விசாரணை என்ன ஆயிற்று என்றெல்லாம் கேட்பதில்லை. "டீ ஆச்சாம்மா?" என்பதோடு சரி.

பழைய சட்டத்தில் வகை இரண்டே: கொடுமை, புறக்கணிப்பு. எதில் விழுந்தாலும் பிள்ளை விடுதிக்குப் போகும். புதுச் சட்டம் மூன்றாவதாக ஒன்றைச் செருகியது: 'துணை தேவைப்படும் குடும்பம்'. இதில் பிள்ளை வீட்டிலேயே இருக்கும். பார்த்துக்கொள்ளத் துறை ஆள் ஏற்பாடு செய்யும். அதிகாரி மாதாமாதம் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மேலதிகாரிக்கு இது வேப்பங்காய். "எதுக்கும்மா வம்பு? நீங்கதான் அலையணும்." அம்மாள் சொன்னார்: "அலையத்தானே சார் காலைக் குடுத்திருக்கான். முட்டியைத்தான் சரியாக் குடுக்கலை."

சட்டம் வந்ததிலிருந்து வீட்டிலும் வகைப்படுத்தல்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் கணவரிடம் விசாரணை: "வேணும்னே விட்டதா, கவனக்குறைவா?" அவர் கையெடுத்துக் கும்பிடுவார். "தாயே, நான் துணை தேவைப்படும் குடும்பம்."

இளகிய மனசு என்று யாரும் ஏமாந்துவிட வேண்டாம். பளிங்குத் தரை போட்ட ஒரு வீட்டில், கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பிள்ளை முதலில் அப்பா முகத்தைப் பார்த்தது. அதிகாரி அங்கிருந்தே போலீசுக்குப் போன் செய்தார். வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

இன்றைய புகார் பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தது. "பேக்கரியில வேலை பார்க்கிறவன். பொழுது விடியுமுன்னே ரெண்டு பிள்ளைங்களையும் தனியா விட்டுட்டுப் போயிடறான். அடுப்புல திருகுற குமிழ்கூட இல்லை. சமைச்சாத்தானே!" மேலதிகாரி காலையிலேயே வகைப்படுத்திவிட்டார்: "புறக்கணிப்பு. வரும்போதே பிள்ளைங்களை ஜீப்ல ஏத்திட்டு வந்துடுங்க."

குந்திய இடத்திலிருந்து பார்த்தால் சுவரின் ஆணியெல்லாம் கீழேயே இருக்கிறது. துண்டு, வீட்டுச் சாவி எல்லாம் எட்டு வயதுப் பெண்ணின் கைக்கு எட்டுகிற உயரம்.

"தம்பிக்குப் பசிச்சா என்ன செய்வே கண்ணு?"

அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய் அடித்தட்டு டப்பாவைத் திறந்து ரொட்டி எடுத்துக் காட்டினாள்.

"அடுப்பு?"

"அது அப்பா வந்தாத்தான் எரியும்."

அதற்குள் சேதி கேட்டு அப்பாவே ஓடிவந்தார். சட்டையெல்லாம் மாவு.

"கூட்டிட்டுப் போயிடுவீங்களா மேடம்?"

"சின்னப் பிள்ளைங்களைத் தனியா விட்டது தப்பா இல்லையா?"

"தப்புதான். அவங்க அம்மா போனதுக்கப்புறம் பார்த்துக்க ஆள் இல்லை. இந்த வேலையை விட்டா வேற வேலையும் இல்லை." முகத்தைத் துடைக்கப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே இரண்டு கறுப்புக் குமிழ்கள் விழுந்து தரையில் உருண்டன. "அடுப்போடது மேடம். நான் இல்லாதப்ப பிள்ளைங்க திருகிடக் கூடாதுன்னு கையோட எடுத்துட்டுப் போயிடுவேன்."

சிறுமி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலிலிருந்து ஜீப் ஓட்டுநர் குரல் கொடுத்தார்: "அம்மா, பிள்ளைங்களை ஏத்திக்கலாமா?"

அம்மாள் தரையில் கையூன்றி எழுந்து, ஒரு குமிழைப் பொறுக்கி, ஒட்டியிருந்த மாவை முந்தானையில் துடைத்து, அடுப்பில் பொருத்தினார்.

"எனக்குச் சர்க்கரை கம்மியாப் போடுங்க" என்றார்.