பதராய்ப் போன கோதுமை

தைசியாவுக்கு இந்த விஷயம் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஆண்டுதோறும் குளிர் தொடங்கும் முன் பச்சைத் தக்காளியைக் கம்பளி பூட்ஸுக்குள் போட்டு, கூடவே ஒரு ஆப்பிளையும் வைப்பவள் அவள். ஆப்பிள் விடும் ஆவியில் காய் மளமளவென்று பழுத்துவிடும். அதே தைசியாதான், நான்கு மாதம் கதவே திறக்காத இரும்பு அறைக்குள் போகும்போது, மகள் கொடுத்த மூன்று ஆப்பிளைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள். வாசனைக்காக என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கிராஸ்நோயார்ஸ்க் நகரத்து ஆய்வகத்தின் நிலவறையில் இருந்தது அந்த அறை. என்றாவது நிலாவில் பயிரிடப்போகும் கோதுமை அங்கே விளக்கொளியில் வளர்ந்தது. அது வெளிவிடும் காற்றைத்தான் தைசியாவும் உடனிருந்த எஃபீமும் சுவாசித்தார்கள். உள்ளே இருக்கும் எதுவும் வெளியே போக வழியில்லை. ஆப்பிளின் ஆவிக்கும் வழியில்லை. காயைப் பழுக்கவைக்கும் அதே ஆவி அடைத்த அறையில் தேங்கினால், கோதுமைப் பூ மணி பிடிக்காமல் மலடாகிவிடும்.

அறுபத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, கதிர்களைப் பார்த்தாள். மணி பிடித்த கதிர் தலை சாயும். இவை விறைத்து நின்றன. ஒன்றைக் கசக்கினாள். வெறும் பதர். படுக்கைக்கடியில் மிச்சமிருந்த ஒற்றை ஆப்பிள் நினைவுக்கு வந்தது.

“விதையே சொத்தை. அந்த ரோதியோன் நம்மள நல்லா ஏமாத்திட்டான்” என்று வெளியிலிருந்து தொலைபேசியில் ஆய்வகத் தலைவர் பொரிந்து தள்ளினார். முழங்கால் உயரமே வளரும் அந்தக் கோதுமையை ஒன்பது வருடம் பாடுபட்டு உருவாக்கியவன் ரோதியோன்.

“உண்மையைச் சொல்லிடலாமா?” என்று எஃபீமைக் கேட்டாள்.

“சொன்னா இந்தப் பக்கமே உங்களை விடமாட்டாங்கக்கா. நானும் ஒண்ணு தின்னேனே, எனக்கும் சேர்த்துத்தான் சீட்டுக் கிழியும். பேசாம இருங்க.”

பேசாமல் இருந்தாள். பயம்தான், வேறொன்றுமில்லை. புதன்கிழமை வெளியே கையிருப்பில் இருந்த விதை முழுவதும் கோழிப்பண்ணைக்குப் போனது. வியாழக்கிழமை, அடுத்த விதைப்புக்காக உள்ளே வைத்திருக்கும் டப்பாவையும் அரைத்துச் சாப்பிடுங்கள் என்று உத்தரவு வந்தது. தைசியாவே அரைத்தாள், பிசைந்தாள், சுட்டாள். இருவருக்கும் நல்ல பசி. ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை, வேலை பறிபோன ரோதியோன் தன் சாமான்களை எடுத்துப் போக வந்தவன், போகுமுன் தொலைபேசியில் அவளிடம் சொல்லிக்கொண்டான்.

“உங்களைப் பட்டினி போட்டுட்டேன், தைசியாக்கா. எங்க தப்பு பண்ணேன்னே தெரியல.”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. “தப்பு உன்மேல இல்லப்பா. நான் ஆப்பிள் கொண்டுவந்தேன். செவ்வாய்க்கிழமையே எனக்குத் தெரியும்.”

திட்டுவான் என்று காத்திருந்தாள். அவனோ அவசரமாகக் கேட்டான்: “உள்ள ஒரு டப்பா விதை இருக்குமே? ஒரு கைப்பிடி போதும்கா. மறுபடி பெருக்கிடுவேன்.”

“நேத்து ரொட்டி சுட்டுட்டோம்பா.”

மறுமுனையில் அவன் சாமான்களைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“நல்லா இருந்துச்சா?” என்றான் பிறகு.

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. விளைந்ததையெல்லாம் விதைக்கே சேர்த்து வைத்தவன், இந்த ஒன்பது வருடத்தில் அந்தக் கோதுமையை ஒருமுறைகூட வாயில் போட்டுப் பார்த்ததில்லை.

“நல்லா இருந்துச்சு” என்றாள் தைசியா.