பாங்கு நேரத்தில் மூடும் தளம்

இதைக் கற்பனை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது... போன வருடம் வரைக்கும் கிடையாது. ஆனால் இது நடந்தது. கெய்ரோவில், ஷுப்ராவில், எங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அலுவலகத்தில். நடந்தது என் கீழ்வீட்டு நஷ்வாவுக்கு. பொய் சொல்லக்கூட நேரம் இல்லாதவள் அவள். புருஷன் குவைத்தில், ஒன்பது வயதில் ஒரு பெண், நாள் முழுக்க ஆபீஸ், வந்தால் அடுப்படி. அவள் உட்கார்ந்து கதை கட்டினாள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அவள் வேலை பார்ப்பது நாலே பேர் இருக்கும் சின்ன ஆபீஸ். மற்றவர்களுடைய இணையதளங்களைப் பராமரிப்பது அவர்கள் தொழில். அதில் பெரிய தலைவலி ஒரு மருந்துத் தளம். எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று அது சொல்லும். ராத்திரி பகல் இல்லாமல் ஊரே அதில்தான் கிடக்கும். அதைத் தினம் ஒரு தடவை மூடி, எல்லாவற்றையும் பத்திரமாக நகல் எடுத்து, சேர்ந்த குப்பையைக் கூட்டித் தள்ளிவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். ஆள் நடமாடும்போது நகல் எடுத்தால் அந்த நகல் உருப்படாது. நோன்பு மாதத்தில் ஊர் விடிய விடிய முழித்திருக்கும். ஒருத்தர்கூடப் போனைத் தொடாத நேரம் ஒன்றே ஒன்றுதான்: நோன்பு திறக்க மசூதியில் பாங்கு சொன்னதும் வரும் கால் மணி நேரம். அப்போது எல்லார் கையிலும் பேரீச்சம்பழமும் சூப்புக் கிண்ணமும் இருக்கும்.

அந்தக் கால் மணி நேரத்தை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர் நஸீம் விஸ்ஸா. கிறிஸ்தவர். எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியோ மருந்துக் கடையோ, எங்கே போனாலும் இது வழக்கம்தான். நோன்பு திறக்கும் நேரத்து வேலையை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், அவர்கள் பண்டிகைக்கு நாம் வாங்கிக்கொள்வோம். நாலு மணி அடித்தால் போதும், நஸீம் எல்லாரையும் விரட்ட ஆரம்பித்துவிடுவாராம்.

“கிளம்புங்கப்பா. உங்க மூஞ்சியப் பாத்தா எனக்கே பசிக்குது. நான் பாத்துக்கறேன்.”

பாங்கு நேரம் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு நிமிடம் தள்ளிப் போகும். அதனால் அவர் எதையும் தானாக நடக்கும்படி வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்வார். மசூதியில் சத்தம் கேட்டதும் விசைப்பலகையில் கையாலேயே தட்டுவார்.

ஜனவரியில் நஸீம் இறந்துபோனார். மாரடைப்பு. தூக்கத்திலேயே போய்விட்டார்.

மார்ச்சில் நோன்பு வந்தது. முதலாளி லுத்ஃபி நஷ்வாவைக் கூப்பிட்டார்.

“உன் வீடுதானே பக்கம். நீ பாத்துக்கம்மா.”

“சார், வீட்ல பிள்ளை தனியா இருக்கும்.”

“ஒரு மாசம்தானே. ஓடிப் போயிடும்.”

ஓடவில்லை. நஷ்வாவின் பெண் ஹனீன் அந்த வருடம்தான் முதல்முதலாக முழு நோன்பு பிடிக்கிறாள். சாயங்காலம் என் வீட்டில்தான் இருப்பாள். பாங்கு சொன்னதும் நான் பழத்தை நீட்டினால் வாங்க மாட்டாள். “அம்மா வந்ததும் திறக்கறேன், ஆன்ட்டி” என்று கீழே தன் வீட்டுக்குப் போய் மேசை முன்னால் உட்கார்ந்துகொள்வாள். கெஞ்சியும் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அழுத்தக்காரி. நகலைச் சரிபார்த்து, தளத்தைத் திறந்துவிட்டு நஷ்வா வரும்போது பாங்கு சொல்லி முக்கால் மணி ஆகியிருக்கும். ஒன்பதாவது நாள் அந்தப் பிள்ளை மாடிப்படியில் மயங்கி விழுந்துவிட்டது. நான்தான் தூக்கினேன்.

அன்று நஷ்வா அழவில்லை. அழக்கூடத் தெம்பு இல்லை அவளிடம். “இனிமே பாங்கு நேரத்துல நான் வீட்ல இருக்கணும்க்கா. என்ன ஆனாலும் சரி” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து தளத்தின் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தாள். அதில் ஒரு வசதி உண்டு. மணி, நிமிடம், செய்ய வேண்டிய வேலை, மூன்றையும் எழுதி வைத்தால் அதுவே தினம் அந்த நேரத்துக்குச் செய்துவிடும். சரியாக ஆறு மணி என்று போட்டாள். தளம் மூடியிருக்கும்போது வருகிறவர்களுக்குத் தெரிய ஓர் அறிவிப்பும் எழுதினாள்: “பராமரிப்பு நடக்கிறது. சிறிது நேரம் கழித்து வரவும்.”

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். தாயும் மகளும் சேர்ந்து நோன்பு திறந்தார்கள். ஹனீன் என் வீட்டுக்கே ஓடிவந்து சொன்னாள், “இன்னிக்கு அம்மா இருக்காங்க.” 

காலையில் போய்ப் பார்த்தாள். நகல் வந்திருந்தது. சுத்தமாக, ஒழுங்காக. நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஐந்து நாள் கழித்துத்தான் கவனித்தாள். நகலில் இருந்த நேரம் ஆறு மணி இல்லை. ஆறு ஒன்று. ஒரு நாள் விட்டு ஆறு இரண்டு. பிறகு ஆறு மூன்று...

சுவரில் தொங்கிய நோன்பு அட்டவணையைப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் சரியாகப் பாங்கு நேரம்.

லுத்ஃபியிடம் கேட்டாள். “சார், நீங்க நேரத்தை மாத்துறீங்களா?”

“எனக்கு அந்தப் பலகையைத் திறக்கவே தெரியாதேம்மா. நீதான் நல்லா பண்றியே, விடேன்.”

அவளைத் தவிர யாரிடமும் கடவுச்சொல் இல்லை. இருந்தாலும் மாற்றினாள். மறுநாள் ஆறு நாலு. மறுபடியும் பாங்கு நேரம்.

அந்த வாரம் மருந்துக்கடைக்காரர் ஒருவர் போன் பண்ணினார். “உங்க தளம் மூடியிருக்கும்போது ஒண்ணு எழுதியிருக்கீங்களே, ரொம்ப நல்லா இருக்கும்மா. என் பொண்டாட்டிக்கிட்ட காட்டினேன்.”

“என்ன எழுதியிருக்கு?”

“முதல்ல தண்ணி குடிங்க. நாங்க எங்கயும் போகலை.”

 நஷ்வா எழுதியது அது இல்லை. அது நஸீமுடைய வாசகம். ஒவ்வொரு வருடமும் அவர் அப்படித்தான் எழுதுவார்.

பழைய பக்கம் எங்கோ மிச்சம் இருந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேடினாள், இல்லை. தன் அறிவிப்பையே திரும்ப ஏற்றினாள். அடுத்த நாள் அதே கடைக்காரர்... அதே வாசகம்.

யாரோ விளையாடுகிறார்கள். பிடித்துவிடுவோம் என்று முடிவு பண்ணினாள். ஒரே ஒரு நாள் இருந்து பார்த்துவிடலாம். என்னிடம் வந்து, “இன்னிக்கு மட்டும் அவளை எப்படியாவது சாப்பிட வச்சுடுங்கக்கா” என்றாள். ஹனீனிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அன்று நாலு மணிக்கு மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். ஐந்தரைக்குத் தெருவில் வண்டிகள் பறந்தன, எல்லாருக்கும் வீடு சேரும் அவசரம். ஐந்து ஐம்பதுக்குச் சத்தம் குறைந்தது. ஆறு மணிக்கு... ஒன்றும் இல்லை. ஒரு ஹாரன் இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. இரண்டு கோடிப் பேரும் ஊரை விட்டுப் போய்விட்டார்களோ என்று தோன்றும் அந்த நேரம். இங்கேயே இருக்கும் எனக்கே அது பிடிக்காது.

ஆபீஸ் கதவை உள்ளே பூட்டினாள். விளக்கு போடவில்லை. திரை வெளிச்சம் மட்டும். பலகையை ஒரு பக்கமும் தளத்தை ஒரு பக்கமும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஆறு ஐந்து. ஒன்றும் இல்லை.

ஆறு ஆறு. ஒன்றும் இல்லை.

ஆறு ஏழு. மசூதியில் ஒலிபெருக்கி கரகரத்தது. அல்லாஹு அக்பர்...

தளம் மூடியது.

அவள் கை மேசைமேல் இருந்தது. எதையும் தொடவில்லை. பாங்கின் முதல் வார்த்தை முடிவதற்குள் மூடியது.

அறிவிப்பு வந்தது. முதல்ல தண்ணி குடிங்க. நாங்க எங்கயும் போகலை.

யாரும் இல்லை. அறையில் அவள் மட்டும்.

அறிவிப்பு மறைந்தது. வெள்ளைத் திரை.

பிறகு... புதிதாக ஒரு வரி.

“நஷ்வா, நீ ஏன் இன்னும் இங்க இருக்கே?”



அடுத்த வரி.

“பிள்ளை இன்னும் தண்ணி குடிக்கலை.”

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். ஒரு தடவை மணி அடித்தது. ரெண்டு தடவை. ஹனீன் எடுத்தாள்.

“ஆன்ட்டி வீட்ல இல்லையா நீ?”

“கீழ வந்துட்டேன்மா. நீ வராம எனக்கு இறங்க மாட்டேங்குது.”

நான் அந்த நேரம் சமையலறையில் இருந்தேன். அவள் நழுவிப் போனதே எனக்குத் தெரியாது.

“தண்ணி குடிச்சியா?”

“இல்ல.”

போனில் இன்னொரு சத்தம் கேட்டது. டக்... டக் டக்... டக்.

“அங்க என்ன சத்தம்?”

“எந்தச் சத்தம்மா?”

டக் டக்... டக்.

“ஹனீன், பக்கத்துல யாரு?”

“யாரும் இல்லையே.”

போனை வைக்கவில்லை. ஓடினாள். கதவைத் திறந்து, படி இறங்கி, காலியான தெருவில் பாய்ந்தாள். செருப்பு ஒன்று கழன்று விழுந்தது, எடுக்கவில்லை. எங்கள் கட்டட வாசலில் காவல்காரர் அப்துரப்போ தாளை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இப்படி ஓடியாறே? வா, ஒரு வாய் சாப்பிடு.”

“சாச்சா, என் வீட்டுக்கு யாராச்சும் போனாங்களா?”

“ஒரு ஈ எறும்பு போகலை. இங்கயேதான் உக்காந்திருக்கேன்.”

மேலே ஹனீன் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையில் பேரீச்சம்பழம். வீட்டில் வேறு யாரும் இல்லை. நஷ்வா அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஒரே கிளாஸில் தண்ணீர் குடித்தார்கள். பிறகு நான் இறங்கி வந்தபோது நஷ்வாவின் முகத்தில் ரத்தம் இல்லை. பாதம் கிழிந்திருந்தது. கேட்டதற்கு, “ஆபீஸ்ல ஏதோ இருக்குக்கா. இனிமே பொழுது சாஞ்சா அங்க இருக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னாள், மற்றதை அப்புறம்தான் சொன்னாள்.

இருக்கவும் இல்லை. அந்த மாதம் முடியும்வரை ஐந்து மணிக்கெல்லாம் வீட்டில். கதவைச் சாத்திக்கொண்டு தாயும் மகளும் நிம்மதியாக நோன்பு திறந்தார்கள். வேலை அதுபாட்டுக்கு நடந்தது. ஆறு எட்டு, ஆறு பத்து, ஆறு பதினொன்று... ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நோன்புப் பெருநாள் வந்து போனது. மூன்றாம் நாள் சாயங்காலம், ஹனீன் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போது, தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே போன் பண்ணினாள் நஷ்வா. தான் எழுதி வைத்ததை எடுத்துவிடச் சொல்லத்தான். பக்கத்தில் நானும் இருந்தேன். வெறுந்தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். ஷாதி என்று ஒருவர் பேசினார்.

“எதை எடுக்கணும் மேடம்?”

“தினமும் தானா ஓடுறது. நோன்புக்காகப் போட்டேன்.”

அவர் கொஞ்ச நேரம் தேடினார். “மேடம், நீங்க நேரம் எழுதுனீங்க, ஆனா அதை ஓட விடலையே. அணைஞ்சேதான் கிடக்கு. ஒரு நாள்கூட ஓடலை.”

“அப்போ நகல் எடுத்தது?”

“கையால எடுத்திருக்காங்க. தினமும் உள்ள வந்து ஒவ்வொரு வரியா அடிச்சிருக்காங்க. நடுநடுவுல எழுத்துத் தப்பு, அழிச்சு திருத்தினது எல்லாம் தெரியுது. ஆள்தான் மேடம்.”

நஷ்வா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஆபீஸ் அறை கண்முன்னால் வந்திருக்க வேண்டும்.

“ஆபீஸ்லேர்ந்துதானே?”

“இல்ல மேடம். அங்கேர்ந்து ஒரு தடவைகூட இல்ல. இது ஷுப்ராவுல ஒரு வீட்டு லைன்.” எண்ணைப் படித்தார்.

நஷ்வாவின் வீட்டு எண்.

நான் கிளாஸைக் கீழே வைத்தேன். அந்த வீட்டில் கணினியே கிடையாது.

நஷ்வா மெதுவாகக் கேட்டாள், “எத்தனை மணிக்கு உள்ள வந்து, எத்தனை மணிக்கு வெளிய போனாங்க?”

“உள்ள வந்தது நோன்பு பத்தாம் நாள், பாங்குக்குக் கொஞ்சம் முன்னாடி.” அவர் நிறுத்தினார். “வெளிய போனதா காட்டலையே மேடம். இப்பவும் உள்ளதான் இருக்காங்க.”

உள் அறையில் ஹனீன் புரண்டு படுத்தாள். நாங்கள் இருவரும் அசையவில்லை.

“நான் இங்கேர்ந்து வெளியேத்திடட்டுமா மேடம்?”

 நஷ்வா கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவு அசந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. அடுத்த வருடமும் நோன்பு வரும், லுத்ஃபி அவளைத்தான் கூப்பிடுவார், ஹனீன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“வேணாம்,” என்றாள். “இருக்கட்டும்.”