ஷைனியின் கிரீஸ் டப்பா

திருவொற்றியூரில் ஷைனி மெக்கானிக்கைத் தெரியாத டிரைவர் ஒருத்தர் இருக்கிறார் என்றால், அவர் நேற்றுத்தான் லைசென்ஸ் எடுத்திருப்பார். நாற்பத்தாறு வயது. ராயபுரத்துக்காரி. ஐ.டி.ஐ. முடித்து, யார் யார் ஷெட்டிலோ வேலை செய்து, பதினெட்டு வருடமாகச் சொந்த ஷெட் நடத்துகிறாள். வேலை படு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். "நம்ம கை வச்ச வண்டி அதே கோளாறோட திரும்பி வராது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இந்தப் பக்கத்து உப்புக்காற்று பொல்லாதது. இன்றைக்கு மாட்டிய போல்ட்டை அடுத்த வருடம் கழற்றப் போனால் துருவேறி அடம்பிடிக்கும். அதனால் ஷைனி எதை மாட்டினாலும் டப்பாவிலிருந்து ஒரு விரல் கிரீஸ் எடுத்துத் தடவாமல் மாட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போகும்போதுகூட அந்த விரலில் கருப்பு இருக்கும்.

போன திங்கட்கிழமை பதுருன்னிசாவின் காருக்கு டைமிங் பெல்ட் மாற்றிக் கொடுத்தாள். பதுருன்னிசா அந்தக் காரில்தான் தினமும் மீஞ்சூரிலிருந்து நாலு பெண்களை எண்ணூர் கம்பெனிக்கு ஷிப்டு வேலைக்குக் கூட்டிப் போகிறாள். புதன்கிழமையே என்ஜின் லைட் எரிந்தது. சூடானதும் வண்டி நடுரோட்டில் நின்றது. ஷெட்டுக்கு இழுத்து வந்து ஸ்கேனரைச் சொருகினால் கிராங்க் சென்சாரில் கோளாறு என்று வந்தது. என்ஜின் எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்கிற சின்ன சாமான் அது. பெல்ட் மாற்றும்போது ஷைனிதான் அதைக் கழற்றி மாட்டியிருந்தாள்.

அவளுக்குச் சுருக்கென்றது. பெல்ட் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டதோ? மூடியைக் கழற்றிப் பார்த்தாள். பெல்ட் சரியாக உட்கார்ந்திருப்பதைக் காட்டும் குறிகள் எல்லாம் நேருக்கு நேர் நின்றன. அப்பாடா! அந்த நிம்மதியில் வாய் முந்திக்கொண்டது.

"சடையங்குப்பத்துல தண்ணி நின்னுகினு கீதே, அதுல வுட்டியா?"

"ஆமாக்கா, ஒரு நாளு வுட்டேன்..."

"அப்புறம் இன்னா? தண்ணி பூந்துகீது. தப்பு உன்னுது."

பதுருன்னிசா தலை குனிந்தாள். கம்பெனிக்கு வண்டி ஏற்பாடு செய்கிற கான்ட்ராக்டர் டில்லிபாபுவுக்குப் போன் போட்டு, "தண்ணில வுட்டது என் தப்புதான் சார்" என்று அவளே சொன்னாள். மறுநாள் மூணு மணி ஷிப்டுக்கு வண்டி வராவிட்டால் அந்த வேலையை வேறு காருக்குக் கொடுத்துவிடுவதாக அவர் சொன்னது ஷைனி காதிலும் விழுந்தது.

வியாழக்கிழமை காலையில் புது சென்சார் வந்தது. வழக்கம்போல ஒரு விரல் தடவி மாட்டினாள். வண்டி பத்து நிமிஷம் ஓடியது, சூடானது, நின்றது. அதே கோளாறு. மணி பன்னிரண்டு.

"புச்சும் இப்படியா? இன்னா பேஜாருடா இது!" என்று சென்சாரைப் பிடுங்கி அதன் மூக்கைத் துணியால் துடைத்தாள். துணியில் நரநரவென்று ஏதோ உறுத்தியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கிரீஸுக்குள் இரும்புத் தூள். சென்சாரின் மூக்கில் காந்தம் உண்டே, அத்தனை தூளையும் இழுத்து மீசை வைத்துக்கொண்டிருந்தது. தூள் எங்கிருந்து வந்தது? ஷைனி திரும்பிப் பார்த்தாள். இரும்பைத் தேய்க்கிற கிரைண்டிங் மெஷினுக்கு நேர் கீழே, மூடியில்லாமல், அவளுடைய கிரீஸ் டப்பா.

பழைய சென்சாரை எடுத்துப் பார்த்தாள். அதற்கும் மீசை. அதைச் சுத்தமாகத் துடைத்து, கிரீஸ் இல்லாமல் மாட்டினாள். அரை மணி நேரம் ஓடியும் லைட் எரியவில்லை. தண்ணீர், பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பதுருன்னிசாவுக்கு இதெல்லாம் தெரியாது. வண்டி ரெடி என்று சாவியைக் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. ஆனால் ஷைனியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பதுரு, அந்த ஆளுக்குப் போன் போட்டு என்கிட்ட குடு."

வாங்கிப் பேசினாள். "சார், ஷைனி மெக்கானிக் பேசறேன். தண்ணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பதுரு மேல தப்பே கெடையாது. என் கிரீஸாலதான் வண்டி நின்னுச்சு. மூணு மணிக்கு வந்துரும்."

டில்லிபாபு சிரித்தார். "உன் கை வச்ச வண்டி திரும்பி வராதும்பியே?"

"வந்துச்சு சார்" என்றாள்.

பதுருன்னிசா சாவியை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நெஜமாவே என் தப்புன்னுதான் நெனச்சேன்கா. நேத்து வூட்ல உக்காந்து அழுதேன்."

ஷைனி பானெட்டை இறக்கி மூடினாள். கார் கிளம்பி ரோட்டில் ஏறிய பிறகுதான், மன்னிப்பே கேட்கவில்லை என்பது ஷைனிக்கு உறைத்தது. லாரி வரிசையில் மாட்டி நின்ற காரை ஓடிப்போய்ப் பிடித்துக் கண்ணாடியைத் தட்டினாள்.