சுடுதளத்தருகே இறங்கி நடப்பவர்

இந்த நாட்டில் நடைவழிப் பலகைகள் தூரத்தைச் சொல்வதில்லை, நேரத்தைச் சொல்கின்றன. எங்கள் ஊர்த் தேவாலயத்துக்கு முன்னால் ஒரு கம்பத்தில் மூன்று மஞ்சள் பலகைகள் இருக்கின்றன. மலை முகட்டுக்கு ஐம்பது நிமிடம், ஆற்றங்கரைக்கு ஒரு மணி இருபது நிமிடம், அடுத்த ஊருக்கு நாற்பது நிமிடம். யாருடைய காலுக்கு ஐம்பது நிமிடம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. முதல் தடவை முகட்டுக்கு ஏறியபோது எனக்கு ஒரு மணி பத்து நிமிடம் எடுத்தது. பரீட்சையில் புள்ளி குறைந்தவனைப் போல வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன்.

“ஆரும் மேல நிண்டு மணிக்கூடு பார்த்துக்கொண்டோ இருந்தவை?” என்று கேட்டாள் மதுரா. அவளுக்கு இருபது வயது, இங்கே பிறந்தவள். இந்தப் பலகைகளைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் அவற்றை அவள் பெரிதாக எடுப்பதில்லை.

இந்த ஊருக்கு நாங்கள் குடிவந்து பதினாறு வருடமாகிறது. சுவிட்சர்லாந்தின் ஆர்காவ் மாநிலத்தில், ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் ஒதுங்கிக் கிடக்கிற, வைன் செய்கிற ஊர். நான் பக்கத்து நகரமான ஆராவில் ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். இத்தனை வருடமும் வீட்டுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையில் உள்ள தெருதான் எனக்கு ஊர். சரிவெல்லாம் நிற்கிற திராட்சைத் தோட்டங்களை, எங்கள் வழக்கில் முந்திரிகைத் தோட்டங்களை, பஸ் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். இருந்தாற்போல ஊர் சுற்றக் கிளம்பியதற்குக் காரணம் கெமைண்டேயிலிருந்து, அதாவது ஊராட்சி மன்றத்திலிருந்து, வந்த ஒரு கடிதம். சுவிஸ் குடியுரிமை கேட்டு நான் போட்ட விண்ணப்பத்துக்கு நேர்முகம் வைத்திருந்தார்கள். இங்கே குடியுரிமைக்கு முதலில் ஊர் சம்மதிக்க வேண்டும். எந்தப் பாதை எங்கே போகிறது, எந்த முந்திரிகையில் எந்த வைன் வருகிறது என்றெல்லாம் கேட்பார்கள் என்று முன்பே எடுத்தவர்கள் பயமுறுத்தியிருந்தார்கள். மனைவியும் மதுராவும் எப்போதோ எடுத்துவிட்டார்கள். டொச், அதாவது ஜெர்மன், மொழிப் பரீட்சைக்குப் பயந்து பின்போட்டுக்கொண்டே வந்தவன் நான் ஒருவன்தான்.

கடைசியில் நான் விண்ணப்பித்தது அக்காவுக்காக. என்னிடம் இருந்தது அகதிக்குக் கொடுக்கும் பயண ஆவணம். அதை வைத்துக்கொண்டு எங்கெங்கோ போகலாம், இலங்கைக்கு மட்டும் போக முடியாது. தூதரகப் படியேறி இலங்கைக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு போய்வந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. அம்மா போனபிறகு என்னை ஆளாக்கி, பிளேன் ஏற்றி அனுப்பியவர் அக்கா. கல்யாணம் கட்டவில்லை, கோப்பாயில் தனியாக இருந்தார். “சிவப்புப் பாஸ்போர்ட்டோட வா. வந்தால் பயமில்லாமல் திரும்பிப் போகவேணும்,” என்பார் தொலைபேசியில். விண்ணப்பம் போட்டு ஒன்றரை வருடம் கழித்து, மாசி மாதத்தில், அக்கா இறந்துவிட்டார். செத்தவீட்டையும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் கைப்பேசியில் பார்த்தேன். அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. நேர்முகக் கடிதம் சித்திரையில் வந்தது. அதைக் குப்பையில் போடத்தான் எடுத்தேன்.

“ஆட்டத்திவசத்துக்காவது போங்கோ அப்பா. மாமிக்கு நீங்கள்தானே செய்யவேணும்,” என்று மதுரா கடிதத்தைப் பறித்துக்கொண்டாள். ஒரு வருடத்துக்குள் கடவுச்சீட்டு கைக்கு வந்தால், அக்காவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு நான் அங்கே நிற்கலாம். அதற்காகத்தான் சுற்றத் தொடங்கினேன்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தவிதமாகவே படித்தேன். பலகைகளில் இருந்த நேரங்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன். மதுராவின் பழைய சைக்கிளில் ஆற்றங்கரைப் பாதையால் போய், தோட்டங்களுக்கு ஊடாகத் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் முந்திரிகையைப் பந்தலில் படரவிடுவார்கள், குலையை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். இங்கே கம்பி இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையில் விட்டதுபோல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பாதையில் எதிர்ப்படுகிற எல்லோரும் “க்ரூயெட்சி” என்று வணக்கம் சொல்கிறார்கள். அதே ஆட்கள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தால் வாய் திறப்பதில்லை. சித்திரைக் கடைசியில் ஒரு விடியற்காலை உறைபனி இறங்கியது. தளிர் கருகாமலிருக்க, வரிசைகளுக்கு இடையில் மெழுகு நிரப்பிய வாளிகளைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். மலைச்சரிவு முழுக்கச் சின்னச் சின்ன வெளிச்சம். தரிப்பிடத்தில் நின்ற பெண் “ஷோன், ஷோன்” என்று அழகை வியந்து படம் எடுத்தாள். எனக்குக் கார்த்திகை விளக்கீடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஒன்றும் வரவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் மதுராவும் கூட வருவாள். ஊரின் மேற்கு ஓரத்தில், தோட்டங்கள் முடிகிற இடத்தில், ஒரு சுடுதளம் இருக்கிறது. இந்த நாட்டில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் துவக்கை வீட்டில் வைத்திருப்பார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் கிழவர்களும் இளைஞர்களும் வந்து குறிபார்த்துச் சுட்டுவிட்டு, பிறகு இருந்து வைன் குடிப்பார்கள். பக்கத்து வேலியில் பூனை படுத்திருக்கும். எங்கள் பாதை அந்தக் கட்டடத்தின் பின்பக்கமாகப் போகிறது. அந்த இடம் வந்ததும் நான் சைக்கிளை விட்டு இறங்கி, கடைசி மரம் தாண்டும்வரை உருட்டிக்கொண்டு நடப்பேன்.

“ஏன் அப்பா இறங்கிறியள்? றோட்டு திறந்துதானே கிடக்கு.”

“கால் நோகுது.”

“மேட்டில நோகேல்லை, சமதரையிலயோ நோகுது?” என்று சிரித்துக்கொண்டு அவள் முன்னால் பறந்துவிட்டாள்.

நான் இறங்க வேண்டும் என்று நினைத்து இறங்கவில்லை. கால் தானாக இறங்கியது. சண்டைக் காலத்தில் கோப்பாய்ச் சந்தியில் ஆமிக்காரரின் சென்றிக் காவலரணுக்கு முன்னால் சைக்கிளில் இருந்தபடி யாரும் போக முடியாது. இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மற்றவர்கள் சென்றிக்குக் கிட்டப் போய் இறங்குவார்கள். அக்கா மட்டும் நூறு யார் தூரம் முன்னுக்கே, பூவரசடியில் இறங்கிவிடுவார். ஏன் இவ்வளவு தூரம் வெயிலில் நடக்கிறீர்கள் என்று ஒருநாள் சினந்தேன். “அவன் கத்தி நான் இறங்கமாட்டன். நானா இறங்கி நடப்பன்,” என்றார். அவ்வளவுதான் கதை. இருபத்தைந்து வருடமாக அது எனக்கு ஞாபகமே இல்லை, காலுக்கு இருந்திருக்கிறது.

நேர்முகம் வைகாசியில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் மன்றத் தலைவி, கண்ணாடி போட்ட, மென்மையாகப் பேசுகிற பெண். அவருக்கு வலப்பக்கத்தில் வைன் தோட்டக்காரர் ஒருவர், கைகள் மண்வெட்டிப் பிடிபோல இருந்தன. உங்களுக்குப் பிடித்த நடைவழி எது என்று தலைவி கேட்டார். நான் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தேன். முகட்டுக்கு ஐம்பது நிமிடம், ஆற்றுக்கு ஒரு மணி இருபது. முகட்டில் நின்றால் என்ன தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது. அது கொப்பியில் இல்லை. “உட்கார ஒரு வாங்கு இருக்கிறது,” என்றேன். மூவரும் சிரித்தார்கள். போச்சு என்று நினைத்தேன்.

அப்போது தோட்டக்காரர் முன்னுக்குச் சாய்ந்து, இவரை எனக்குத் தெரியும் என்றார். சனிக்கிழமைகளில் அவர் சுடுதளத்தில் இருப்பாராம். இளையவர்கள் மின்சைக்கிளில் காற்றாகப் பறக்கிறார்கள், இந்த மனிதர் மட்டும் ஒவ்வொரு தடவையும் இறங்கி அமைதியாக நடந்து போகிறார், எங்களுக்கும் துவக்குக்கும் மரியாதை கொடுக்கிறார் என்று சொல்லி, “ஃபோர்பில்ட்லிஹ்,” என்று மேசையில் தட்டினார். முன்மாதிரியானவர் என்று அர்த்தம். மற்ற இருவரும் தலையாட்டினார்கள், தலைவி அதை எழுதிக்கொண்டார். நான் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

கடைசியாகத் தலைவி என் விண்ணப்பத்தைப் புரட்டினார். “சகோதரியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் நலமாக இருக்கிறாரா?” என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

“யா, குட்,” என்றேன். நலம் என்றேன்.

செத்துவிட்டார் என்றால், பிறகு எதற்கு உனக்கு இது என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி. மற்றப் பாதி, அந்தச் செய்தியை நான் அதுவரை வேற்று மொழியில் யாருக்கும் சொன்னதில்லை. வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. மாசிக்குப் பிறகு எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான்.

ஆனியில் ஊர்க்கூட்டம், பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில். வாக்கெடுப்பின்போது விண்ணப்பித்தவன் உள்ளே இருக்கக்கூடாது என்பது வழக்கம். பிள்ளைகளின் சப்பாத்து அடுக்குகளுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். உள்ளே கை உயர்த்துவது வெளியே கேட்காது. கதவு திறந்ததும் கைதட்டினார்கள். தோட்டக்காரர் தன் தோட்டத்து வைனில் ஒரு கிளாஸ் கொண்டுவந்து தந்தார். ஒரு மிடறு குடித்தேன், புளித்தது. நல்லது என்றேன்.

ஊர் சம்மதித்தாலும் மாநிலம், நடுவண் அரசு என்று காகிதம் சுற்றிவர வேண்டும். கடவுச்சீட்டு அடுத்த வருடம் வைகாசியில்தான் வந்தது. ஆட்டத்திவசம் மாசியிலேயே முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டார் ஐயரைக் கூப்பிட்டுச் செய்து படம் அனுப்பியிருந்தார்கள். இனி என்ன அவசரம் என்று இருந்தேன். மதுரா விடவில்லை, கணினியில் இலங்கை விசாப் படிவத்தைத் திறந்தாள். பிறந்த இடம் கோப்பாய் என்று அடித்தாள். நாட்டுரிமை சுவிட்சர்லாந்து என்று அடித்தாள். பிறகு கை நின்றது.

“ஏன் போறியள் எண்டு கேட்குது அப்பா. சொந்தக்காரரைப் பார்க்க எண்டு போட்டால் அவையின்ர பேர், விலாசம் குடுக்கவேணும்.”

அக்காவின் பெயர் வாய்வரை வந்தது. மன்றத்தில் சொன்ன பொய்யை இன்னொரு தடவை சொல்ல முடியவில்லை. வேறு யாருடைய பெயரைக் கொடுப்பது? அங்கே எனக்கு ஒருவரும் மிச்சமில்லை என்பதை அன்றைக்குத்தான், அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துத்தான், விளங்கிக்கொண்டேன்.

“வேற என்ன கிடக்கு?”

“சுத்திப் பார்க்க எண்டு கிடக்கு. ரூறிஸ்ற்.”

உல்லாசப் பயணி என்று நாங்கள் வெள்ளைக்காரரைத்தான் சொல்வோம். கோப்பாயில் எந்த ஒழுங்கை எங்கே போய் ஏறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள அங்கே ஒரு மன்றமும் இல்லை. மதுரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நனைந்திருந்தது எனக்குத் தெரியவில்லை, அவள்தான் துடைத்துவிட்டாள்.

“அதைப் போடு,” என்றேன்.

கோப்பாயில் பிறந்த உல்லாசப் பயணி ஒருவருக்கு முப்பது நாள் கேட்டு, மதுரா அந்தக் கட்டத்தில் புள்ளடி போட்டாள்.