அவைக்குறிப்பில் ஏறிய சங்கிலி

ஸ்டோர்மான்ட் சட்டமன்றத்தில் அவைக்குறிப்பு எழுதும் எங்கள் அறையில் நோரீன் மெக்கட்டம்னிக்கு நாங்கள் வைத்த பெயர் எமன். எழுதினால் எழுதியதுதான். எந்தக் கட்சிக்காரர் வந்து குழைந்தாலும் ஒரு சொல்லை எடுக்கமாட்டாள். அடுத்த மேசையில் உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

எங்கள் விதி ஒன்று உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவர் கத்தினால் அது குறிப்பில் ஏறாது. பேசுகிறவர் பதில் சொன்னால் மட்டும் இரண்டும் ஏறும். இரு தரப்புக்கும் நடுவே பல வருஷம் நடந்த சண்டை ஓய்ந்து, சமாதான ஒப்பந்தம் வந்து சபை கூடிய பிறகும், உறுப்பினர் வெஸ்லி கில்லிலண்டின் கட்சிக்காரர்கள் எதிர்வரிசையோடு பேசுவதில்லை என்று சபதம் செய்திருந்தார்கள். திட்டுவதானால்கூடச் சபாநாயகரைப் பார்த்துத்தான் திட்டுவார்கள். அதனால் எதிர்வரிசை மாலக்கி டெவெனி இரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியும் அவர் குறுக்கீட்டில் ஒரு வரிகூடக் குறிப்பில் ஏறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை வெஸ்லி தன் ஊர்ச் சாலையின் குழிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க அப்பா டிராக்டரே அந்தக் குழியிலதான கவுந்துச்சு!" என்று கத்தினார் மாலக்கி.

"எனக்குத் தெரியாதா? கயிறு போட்டு இழுத்ததே நான்தானய்யா!" என்றார் வெஸ்லி. சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சபை முழுக்கச் சிரிப்பு.

அரைமணி நேரத்தில் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்.

"ஏம்மா நோரீன், அந்த வரியைத் தூக்கிடும்மா. வெள்ளிக்கிழமை எங்க கட்சியில வேட்பாளர் தேர்வு. அவன்கூடப் பேசினேன்னு தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சுடும்."

"பேசினீங்களா, இல்லையா?"

"வாய் தவறிடுச்சு."

"அதுக்கு விதியில இடமில்லைங்க. தகவல் தப்புன்னா மட்டும் திருத்தலாம்."

வெஸ்லி தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"கயிறு இல்லை, சங்கிலி. கயிறா இருந்தா அறுந்திருக்கும்." திருத்திவிட்டுக் கையெழுத்தும் போட்டுப் போனார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு வரிக்காக மனுஷன் பிழைப்புல மண்ணைப் போடுறியே, உனக்கு மனசே கிடையாதா?"

"இன்னிக்கு இதை எடுத்தா, நாளைக்கு ஒப்பந்தத்துல சொன்னதையே சொல்லலைன்னு சொல்ல வருவாங்க. அப்ப என்ன செய்வே?" என்றாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார்களாம். நாலு ஓட்டு வித்தியாசத்தில் வெஸ்லிக்கு இடம் போனது. திங்கட்கிழமை நோரீன் தான் கொண்டுவந்த சோடா ரொட்டியைத் தொடவில்லை. நானும் அவளோடு பேசவில்லை.

தேர்தலுக்கு முந்தைய கடைசி அமர்வில் வெஸ்லி விடைபெற எழுந்தார். நன்றியெல்லாம் சொல்லி முடிக்கும் நேரம், எதிர்வரிசையிலிருந்து மாலக்கியின் குரல்.

"இனிமே டிராக்டர் கவுந்தா நாங்க யாரைக் கூப்பிடுறதாம்?"

வெஸ்லியின் கட்சிக்காரர்கள் கல்லாய் உட்கார்ந்திருந்தார்கள். வெஸ்லி பதில் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் கேள்வி காற்றோடு போயிருக்கும். அவர் அண்ணாந்து, மேலே மாடத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நோரீனைப் பார்த்தார். அவள் பேனா தாளில் இருக்கிறதா என்று பார்த்ததுபோல இருந்தது. பிறகு நேராக எதிர்வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"என்னைத்தான் கூப்பிடணும், மாலக்கி. சங்கிலி இன்னும் கொட்டகையிலதான் தொங்குது."

நோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். அந்தப் பக்கத்தைத் திருத்த யாரும் வரவில்லை.